சிபாப் மாஸ்க் ஒத்துக்கொள்ளவில்லை: வேறு வழி பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை (திருச்சி)
ஆகஸ்ட் 4, இரவு 10:52

வணக்கம். எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், ஸ்லீப் ஆப்னியா. மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டை அடையாமல் வைக்கும் சிபாப் மெஷின்தான் போடுகிறேன். வயது 48, எடை 88 கிலோ, உயரம் 5 அடி 7 அங்குலம். பத்து வருடமாகக் குறட்டை. வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது, நானும் அதை ஒரு நோயாக நினைக்கவில்லை. போன டிசம்பரில் மதுரையிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வரும்போது, துவரங்குறிச்சி தாண்டி ஒரு கணம் கண் சொக்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மகள் "அப்பா!" என்று கத்தினாள். விழித்துப் பார்த்தால் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்குதான் கண்ணாடி முழுக்க இருந்தது. மறுநாளே டாக்டரிடம் போனேன்.

ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் சோதனை, எடுத்தார்கள். மணிக்கு 27 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. என்று போட்டிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் 79 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. காலையில் தலைவலி, பிரஷருக்கு இரண்டு மாத்திரை.

சிபாப் மெஷின் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. நாற்பதாயிரத்துக்கு மேல் செலவு. தினமும் மாட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். ஒரு மணி, ஒன்றரை மணிக்கு முழிப்பு வந்தால் மாஸ்க் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. மூக்கோரம் காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது, வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. சராசரி 2 மணி 10 நிமிடம் என்று மெஷின் காட்டுகிறது.

தாடையில் மாட்டும் கருவி, நாக்குப் பயிற்சி, ஆபரேஷன் என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். வாயில் டேப் ஒட்டிப் படுக்கச் சொல்கிறார் மச்சான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ரொம்பச் சோர்ந்துபோய் இருக்கிறேன்.


தூங்காநகர் (மதுரை)
ஆகஸ்ட் 5, காலை 6:20

சார், நான் ஸ்லீப் லேபில் பன்னிரண்டு வருடமாக டெக்னீஷியன். டாக்டர் இல்லை. இரவு முழுக்கத் திரையில் மூச்சுக் கோடு நிற்பதையும் திரும்ப ஓடுவதையும் பார்ப்பதுதான் என் வேலை.

முதலில் ஒன்று. வேறு வழி கிடைக்கும் வரை மெஷினை மூட்டை கட்டி வைக்காதீர்கள். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. 27 என்றால் நீங்கள் கடைசிப் படிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். இரண்டு மணி நேரமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மாஸ்க் அளவு எடுத்தபோது உட்கார வைத்துத்தானே பார்த்தார்கள்? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. படுத்தால் கன்னத்துச் சதை இறங்கும், மாஸ்க் உட்காரும் இடம் மாறும். மெஷினை ஓடவிட்டு, படுத்தபடி, வலமும் இடமும் திரும்பிப் பார்த்து அளவு எடுக்க வேண்டும். மீசை அடர்த்தியாக இருந்தால் அங்கேயும் கசியும். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன வகை இருக்கிறது, அதில் கண்ணுக்குக் காற்று போகாது. வாய் காய்கிறது என்றால் வாய் திறந்துகொள்கிறது, அல்லது ஈரப்பதத் தொட்டியில் தண்ணீர் போதவில்லை. மூக்கடைப்பு இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். மூக்குத்தண்டு வளைவை நேராக்கினால் மட்டும் இந்த நோய் போவது அபூர்வம், ஆனால் மாஸ்க் போட முடியாதவர்கள் பலர் அதற்கப்புறம் போட்டுக்கொள்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் இரண்டாவது பக்கத்தைப் பாருங்கள். மல்லாக்கப் படுத்தபோது எவ்வளவு, ஒருக்களித்தபோது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். மூச்சு நிற்பது தொண்டை அடைப்பதாலா, மூளையிலிருந்து உத்தரவு வராததாலா என்பதும் அதில் இருக்கும். இரண்டாவது வகை என்றால் இங்கே பேசப்போகும் எதுவும் பொருந்தாது.


யாழினி_அம்மா (கும்பகோணம்)
ஆகஸ்ட் 5, காலை 7:05

டேப் மட்டும் வேண்டாம் அண்ணா. மூக்கு அடைத்திருக்கும் இரவில் வாயையும் ஒட்டினால் என்ன ஆகும்? என் மாமனாருக்கு அரைத்தூக்கத்தில் டேப்பைப் பிய்க்கக் கை வரவில்லை. மாமியார்தான் எழுந்து பிய்த்தார்.


காவிரிக்கரை (திருச்சி)
ஆகஸ்ட் 5, மதியம் 1:31

டேப் கிடையாது, மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். மல்லாக்க 44. ஒருக்களித்து 11. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே! தொண்டை அடைப்பு வகைதான். மீசை உண்டு, அடர்த்தியானதுதான்.


பல்லவபுரத்தான் (சென்னை)
ஆகஸ்ட் 5, இரவு 9:14

தாடைக் கருவியை மூன்று வருடமாகப் போடுகிறேன். என் எண் 19 இருந்தது. மெஷினை எட்டு மாதம் முயன்றுவிட்டுத்தான் இதற்கு வந்தேன், ஸ்லீப் டாக்டர் எழுதிக் கொடுத்து, பல் டாக்டர் செய்து கொடுத்தார்.

மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று. இரண்டையும் இணைக்கும் திருகு கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். தாடை முன்னால் வந்தால் நாக்கின் அடிப்பகுதியும் கூட வரும், தொண்டைக்குப் பின்னால் வழி திறக்கும். இப்போதே கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு குறட்டை விட முயன்று பாருங்கள், சத்தம் சரியாக வராது.

முதல் நாளே முழு அளவுக்கு இழுக்க மாட்டார்கள். கால் மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டராகத் திருகி, தாடை தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது. முதல் வாரம் எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. காதுக்கு முன்னால் தாடை மூட்டில் வலி. காலையில் கழற்றியதும் கீழ்ப் பல்வரிசை முன்னால் நிற்கும், பின்பற்கள் ஒன்றோடொன்று சேராது. இட்லியைக்கூட முன்பல்லால் கொறிக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் சரியாகும். அதற்கென்று சின்ன அச்சு ஒன்று கொடுத்தார்கள், காலையில் பத்து நிமிடம் கடித்துக்கொண்டிருந்தால் தாடை பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

கருவியைப் போட்டுக்கொண்டே மறுபடி ஸ்டடி எடுத்ததில் 6.

வெந்நீரில் போட்டுக் கடித்து நாமே செய்துகொள்ளும் மலிவு வகை ஆன்லைனில் கிடைக்கிறது. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். இரவில் கழன்று விழுந்தது, ஒரு பல் ஆட ஆரம்பித்தது. பல் போதுமான எண்ணிக்கையில் இல்லாதவர்களுக்கும் ஈறு நோய் உள்ளவர்களுக்கும் இந்த வழி ஒத்துவராது. முதலில் ஈறைப் பாருங்கள்.


கரிசல்காடு (கோவில்பட்டி)
ஆகஸ்ட் 6, இரவு 11:40

அண்ணாச்சி, ஆபரேஷன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உங்கள் மகள் கத்தியதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் உள்நாக்கையும் மேலண்ணத்தின் ஓரத்தையும் வெட்டி எடுத்தார்கள். எந்த இடத்தில் அடைக்கிறது என்று பார்க்க மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எனக்கு அதைச் செய்யவே இல்லை. இரண்டு வாரம் எச்சில் விழுங்குவது தணல் விழுங்குவதுபோல் இருந்தது. அவசரமாகத் தண்ணீர் குடித்தால் இப்போதும் மூக்கு வழியாக வரும்.

குறட்டை நின்றுவிட்டது. வீட்டில் அவ்வளவு சந்தோஷம். என் மனைவி பல வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். நானும் குணமாகிவிட்டேன் என்று மெஷினை விற்றுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பிரஷர் 170. இதய டாக்டர் சந்தேகப்பட்டு ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பினார். 31. ஆபரேஷனுக்கு முன்னால் இருந்தது 34. சத்தம் போடும் சதையை எடுத்தாயிற்று, நாக்கின் அடி அப்படியே பின்னால் விழுந்து அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு வருடம் சத்தமில்லாமல் மூச்சு நின்றிருக்கிறது. சத்தம் இருந்திருந்தால் அவளாவது எழுப்பியிருப்பாள்.

ஆபரேஷனே தப்பு என்று சொல்லவில்லை. இரண்டு தாடையையும் வெட்டி முன்னால் நகர்த்தும் பெரிய ஆபரேஷன், தகுந்த ஆட்களுக்கு நன்றாகவே பலன் தருகிறது என்று இப்போதைய டாக்டர் சொன்னார். எதைச் செய்தாலும் மறுபடி ஸ்டடி எடுங்கள். குறட்டை நின்றதை நம்பாதீர்கள், அண்ணாச்சி.


தூங்காநகர் (மதுரை)
ஆகஸ்ட் 7, காலை 6:02

கரிசல்காடு எழுதியதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். லேபில் நான் பார்க்கும் மிகக் கஷ்டமான கதை இதுதான்.


யாழினி_அம்மா (கும்பகோணம்)
ஆகஸ்ட் 7, காலை 8:47

குழந்தைகளுக்கு மட்டும் கணக்கு வேறு. என் பையனுக்கு ஆறு வயதில் டான்சிலும் அடினாய்டும் பெரிதாகி, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவான். படுக்கையை நனைப்பான், பள்ளியில் ஓர் இடத்தில் உட்கார மாட்டான். இரண்டையும் எடுத்த பிறகு ஆள் மாறிவிட்டான். பிள்ளைகளுக்கு முதலில் பார்ப்பதே அந்த ஆபரேஷன்தான். பெரியவர்கள் கதையைப் படித்துவிட்டு யாரும் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.


கொங்குமலர் (கோவை)
ஆகஸ்ட் 9, மாலை 5:26

எடையைப் பற்றி யாருமே பேசவில்லையே! நான் ஒரு பெண். எனக்குக் குறட்டை அதிகம் இல்லை, தூக்கம் வராமை, காலைத் தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். மூன்று வருடம் தைராய்டு என்றார்கள், மனச்சோர்வு என்றார்கள், மாதவிடாய் நிற்கும் வயது என்றார்கள். கடைசியில் பார்த்தால் ஏ.எச்.ஐ. 22. இந்தப் பக்கம் வரும் பெண்கள், குறட்டை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2000இல் வந்தது. எடை பத்து சதவீதம் ஏறினால் ஏ.எச்.ஐ. சுமார் 32 சதவீதம் ஏறுகிறது, பத்து சதவீதம் குறைந்தால் சுமார் 26 சதவீதம் குறைகிறது. டாக்டர் இதைச் சொன்னபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, எட்டு கிலோ குறைத்தும் நோய் கால் பங்குதான் போகுமா என்று. ஆனால் 22இல் கால் பங்கு போனால் நடுத்தரத்தின் அடிப்படிக்கு வந்துவிடுகிறேனே.

79 கிலோ இருந்தவள் ஒன்றரை வருடத்தில் 67. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தேன், தோசை நான்கிலிருந்து இரண்டு ஆனது, கூடவே சுண்டல் அல்லது முட்டை. காலையில் முக்கால் மணி நேர நடை. இப்போது 12. மெஷின் அழுத்தத்தையும் டாக்டர் குறைத்திருக்கிறார், அதனால் மாஸ்க் முன்பு போல் உறுத்துவதில்லை. மெஷினை விடவில்லை.

எடையைக் குறைக்க வாரம் ஒரு முறை போடும் டிர்செபடைட் ஊசி பற்றியும் கேட்பீர்கள். உடல் பருமனோடு நடுத்தரம் அல்லது கடுமையான நிலையில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தார்கள். இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அதுதான். மெஷின் போடாதவர்களிடம் ஒரு வருடம் நடந்த சோதனையில் மணிக்குச் சுமார் 25 தடவை குறைந்தது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 5. நம் நாட்டில் மௌஞ்சாரோ என்ற பெயரில் சர்க்கரைக்கும் பருமனுக்கும் 2025 மார்ச்சில் வந்தது. என் அக்கா போடுகிறாள். முதல் இரண்டு மாதம் குமட்டல், மலச்சிக்கல். நிறுத்தினால் எடை திரும்ப ஏறுகிறது. டாக்டர் இல்லாமல் தொட வேண்டாம்.


கடல்தாண்டி (நியூஜெர்சி)
ஆகஸ்ட் 10, காலை 9:33

இங்கே என் அண்ணனுக்கு நாக்கு நரம்புக் கருவி வைத்திருக்கிறார்கள். காரை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து தாடைக்கு அடியில் ஓடும் நாக்கு நரம்புக்கு ஒரு கம்பி. மூச்சு இழுக்கும்போது மெல்லிய மின்தூண்டல் நாக்கை முன்னால் தள்ளும். படுக்கும்போது ரிமோட்டால் போட்டுக்கொள்வார், எழுந்ததும் அணைத்துவிடுவார். வைத்த உடனே இயக்கவில்லை, ஒரு மாதம் புண் ஆறவிட்டார்கள்.

இதற்கு அமெரிக்க அனுமதி 2014இல் கிடைத்தது. அந்த வருடம் வெளியான ஆய்வில் 126 பேர். ஒரு வருடத்தில் ஏ.எச்.ஐ.யின் நடு அளவு 29.3இலிருந்து 9க்கு வந்தது. ஆனால் எல்லோருக்கும் வைக்க மாட்டார்கள். மிக அதிக எடை இருந்தால் இல்லை. கரிசல்காடு சொன்ன கேமரா சோதனையில் தொண்டை நாலாபக்கமும் வட்டமாகச் சுருங்கினாலும் இல்லை. அண்ணன் மெஷினை உண்மையாக முயன்று முடியாமல்தான் இதற்குப் போனார். இப்போது அண்ணி சொல்கிறார், காலையில் அவரே எழுந்து காபி போடுகிறாராம்.

நாக்குப் பயிற்சி பற்றியும் கேட்டீர்கள். பிரேசிலில் 2009இல் நடுத்தர நிலையில் இருந்த 31 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு உண்டு. மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் பயிற்சி செய்தவர்களுக்கு 22இலிருந்து 14க்கு அருகில் வந்தது. நாக்கு முழுவதையும் அண்ணத்தில் ஒட்டி உறிஞ்சிப் பிடிப்பது, நுனியை மேலண்ணத்தில் வைத்துப் பின்னால் வழிப்பது, நுனி கீழ்ப் பல்லைத் தொட்டபடி இருக்க நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்துவது, ‘ஆ’ என்று விட்டுவிட்டும் நீட்டியும் சொல்வது, பலூன் ஊதுவது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை நான்கு மாதம் ஊதப் பழகியவர்களுக்கும் குறைந்தது என்று ஸ்விட்சர்லாந்து ஆய்வு சொல்கிறது, அதில் 25 பேர்தான். செலவில்லாதது, கெடுதலும் இல்லை. ஆனால் ஒரு நாள்கூட விடாமல் செய்ய வேண்டும். 27ஐ அது மட்டும் சமாளிக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.


நாமக்கல்_ராஜபாட்டை
ஆகஸ்ட் 12, இரவு 8:18

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காமல் போகலாம். எனக்கு ஏ.எச்.ஐ. 62 இருந்தது. ஒன்பது வருடமாக சிபாப். லாரி வைத்திருக்கிறேன், இன்னமும் மாதம் இரண்டு நடை நானே ஓட்டுகிறேன். வண்டி பேட்டரியில் இன்வெர்ட்டர் வைத்து, ஈரப்பதத் தொட்டியை அணைத்துவிட்டுப் போட்டுக்கொள்வேன், அதுதான் அதிகக் கரண்ட் இழுக்கும். வீட்டில் கரண்ட் போகும் என்று தனியாக ஒரு பேட்டரி.

1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் ஐந்து பேருக்கு இதைப் போட்டுக் காட்டிய கட்டுரை வந்தது. ஆரம்பத்தில் வேக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்து ஊதினார்களாம். அதற்கு முன் என் போன்றவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போடுவதுதான் வழி. எனக்கு மாஸ்க் பழக ஏழு மாதம் ஆனது. பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிக்கொண்டு பழகினேன். ஐந்து மாதத்தில் கைவிட்டால் எப்படி? வேறு வழி என்று பத்துப் பேர் பத்து சொல்ல, கேட்பவர் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுவார். ரோட்டில் எதிரே நானும்தான் வருவேன்.


பல்லவபுரத்தான் (சென்னை)
ஆகஸ்ட் 12, இரவு 9:50

அண்ணா, 62க்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பெட்டியில் கிடக்கும் மெஷினைவிட வாயில் இருக்கும் கருவி மேல் இல்லையா? மெஷின் இதய நோயைத் தடுக்கிறதா என்று பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2016இல் வந்தது, 2,700 பேருக்கு மேல். தடுப்பதாகத் தெரியவில்லை. அதில் மெஷின் போட்டவர்களின் சராசரி ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான். மெஷினைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. போட முடியாதவர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே.


நாமக்கல்_ராஜபாட்டை
ஆகஸ்ட் 12, இரவு 10:15

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். சோதனை பண்ணித் தெரியும் வரை வண்டி எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள், அது போதும்.


காவிரிக்கரை (திருச்சி)
செப்டம்பர் 1, இரவு 9:37

எல்லோருக்கும் நன்றி. ராஜபாட்டை அண்ணா, டிசம்பருக்குப் பிறகு நீண்ட தூரம் ஓட்டவே இல்லை. மதுரைக்கு பஸ்தான்.

மாஸ்க்கை மாற்றினேன், மூக்குத் துவாரத்தில் உட்காரும் வகை. மீசையைக் கத்தரித்தேன். இப்போது மூன்றரை மணி நேரம் தாங்குகிறது.

ஸ்லீப் டாக்டரிடம் 44, 11 இரண்டையும் காட்டிக் கேட்டேன். மல்லாக்கப் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூடவே தாடைக் கருவிக்கும் எழுதித் தருகிறேன் என்றார். என் மனைவி பழைய பனியன் ஒன்றின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக் கொடுத்தாள். முதல் இரவு பந்து விலாப் பக்கம் நகர்ந்துவிட்டது, நான் சுகமாக மல்லாக்கப் படுத்திருந்தேன். மறுநாள் முதுகுத்தண்டு நெடுக மூன்று பந்துக்கு மூன்று தனி அறை தைத்து, பனியன் சுருளாமல் இருக்க இடுப்பில் நாடா வைத்தாள். பத்து இரவில் உடம்பு பழகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு அவள் கண் விழிக்கும்போதெல்லாம் முதுகைத் தொட்டுப் பார்க்கிறாள், பந்து மேலே இருக்கிறதா என்று.


தூங்காநகர் (மதுரை)
செப்டம்பர் 2, காலை 5:55

அம்மாவுக்கு என் வணக்கம், சார். முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணை வையுங்கள், இடுப்பு வலிக்காது. இரவில் மது வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரையும் வேண்டாம், இரண்டும் தொண்டைத் தசையைத் தளர்த்திவிடும். கருவி பொருந்திய பிறகு அதையும் பனியனையும் போட்டுக்கொண்டே ஸ்டடி எடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை மட்டும் பார்த்துத் திருப்தி ஆகாதீர்கள், ஆக்சிஜன் பெரிதாக இறங்காமலே தூக்கம் உடைவது அதில் தெரியாது.


காவிரிக்கரை (திருச்சி)
ஜனவரி 18, இரவு 8:05

நேற்று ரிசல்ட் வந்தது. எடை 81. தாடைக் கருவி, முதுகில் பந்து, இரண்டோடும் எடுத்த ஸ்டடி. ஏ.எச்.ஐ. 8. ஆக்சிஜன் குறைந்தபட்சம் 87. பிரஷர் மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது. டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார், ஒரு வருடத்தில் மறுபடி ஸ்டடிக்கு வரச் சொன்னார். சளி பிடித்து மூக்கு அடைக்கும் நாட்களில் பந்து பனியன் கட்டாயம் என்றும் சொன்னார். மெஷினை விற்கவில்லை, கரிசல்காடு. அலமாரியில் இருக்கிறது.

பொங்கலுக்கு மறுநாள் மகளை மதுரையில் விட நானே ஓட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டேன். ரிசல்ட் வரும் வரை வேண்டாம் என்று அவளே பஸ்ஸில் போய்விட்டாள். அடுத்த வாரம் போய் அழைத்து வருவேன்.

பல்லவபுரத்தான் சார், ஒரு சந்தேகம். காலையில் பின்பல் சேர இப்போது எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த அச்சை இன்னும் கடிக்கிறீர்களா?


பல்லவபுரத்தான் (சென்னை)
ஜனவரி 18, இரவு 8:41

தினமும் சார், மூன்று வருடமாக ஒரு நாள் விட்டதில்லை. குளித்து முடிக்கும் வரை கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு மணி நேரம் என்பது கொஞ்சம் அதிகம், திருகைக் கால் மில்லிமீட்டர் பின்னால் எடுக்கலாமா என்று இந்த வாரமே பல் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் திருக வேண்டாம்.